ஆக்ஸ்போர்டு போகிற மகன் எந்த கிளப்பில் சேரணும்?

கேள்வி: திருமங்கலத்தில் 22 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். மகனுக்கு ஆக்ஸ்போர்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கிளப் வைத்து, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் அடித்து உடைப்பார்களாம், அதிலிருந்து பிரதமரே வந்திருக்கிறார்களாம். நிஜமா அண்ணே? இவனும் அதில் சேர்ந்தால்தான் மேலே வர முடியுமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் மகனுக்கு வாழ்த்து. நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். புல்லிங்டன் கிளப் என்று பெயர். 1780-இல் கிரிக்கெட், வேட்டை என்று ஆரம்பித்தது, போகப்போக விருந்தும் குடியும்தான் என்றாகிவிட்டது. ஆண்கள் மட்டும்தான், அதுவும் நாமாகப் போய்ச் சேர முடியாது, உள்ளே இருப்பவர்கள் பார்த்துக் கூப்பிட வேண்டும், அப்படிக் கூப்பிடப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஈட்டன் மாதிரிப் பணக்காரப் பள்ளிகளில் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். 1987-இல் எடுத்த கிளப் போட்டோவில் பின்னால் பிரிட்டன் பிரதமரான டேவிட் கேமரூன், போரிஸ் ஜான்சன் இரண்டு பேருமே இருக்கிறார்கள்.

1894-இல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 468 ஜன்னல்களை உடைத்தார்கள். 1927-இல் மறுபடியும் அதே வேலை. ஆக்ஸ்போர்டிலிருந்து 15 மைலுக்குள் கூடவே கூடாது என்று தடை வந்தது, மதுரையில் கூடாதே என்று உங்கள் ஊரையும் தாண்டி விரட்டுகிற மாதிரி. அப்படியும் 2004-இல் ஒரு கிராமத்து மதுக்கடையில் பாட்டில்களை உடைத்து நாலு பேர் போலீஸில் மாட்டினார்கள்.

உடைத்துவிட்டு அங்கேயே பணத்தை எடுத்து நீட்டுவதுதான் அவர்கள் வழக்கமாம். எனக்கு அதுதான் ஆறவில்லை. படிக்கும்போது டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் ராத்திரி டேபிள் துடைத்தவன் நான். காசு முதலாளி கல்லாவுக்குப் போகும், கண்ணாடிச் சில்லைப் பொறுக்குகிற பையனின் விரல்தான் கிழியும். மெஸ்காரர் உங்களுக்கு இது தெரியாததா?

மேலே வருவதைக் கேட்டீர்கள். குடும்பமும் பள்ளியும் அவர்களை ஏற்கெனவே மேலே வைத்தாயிற்று, கிளப் அவர்களுக்குள் இருக்கிற அந்தச் சிநேகத்தை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் மகன் இடம் வாங்கியது படிப்பால்.

அவன் தவறவிடக் கூடாதது ஃபார்மல் ஹால். கல்லூரியின் பெரிய கூடத்தில், பல கல்லூரிகளில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, நீள மேஜையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. யாரும் கூப்பிடக் காத்திருக்க வேண்டாம், கல்லூரி மாணவன் என்றால் போதும், முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம், சைவம் வேண்டுமென்றால் அப்போதே சொல்லிவிடலாம். கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். விருந்தாளியையும் கூட்டிப்போகலாம், அதனால் நீங்கள் அங்கே போகிற அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்து ஒரு இடம் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.