சமாதிக் கல்லும் தர்க்காஸ்துப் பட்டாவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டி சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். முள்ளும் புதருமாகக் கிடந்த செம்மண் மேட்டை ஆள்வைத்து வெட்டித் திருத்தி, முந்திரிக் கொல்லை ஆக்கினார். பூசந்தோறும் வள்ளலாரின் வடலூர் தருமசாலைக்கு அரிசி சுமந்து போவாராம். கொல்லையோரம் சமாதி இருக்கிறது. கல்லில் எழுத்து மங்கிவிட்டது. ‘நந்தன வருஷம், கார்த்திகை’ என்று மட்டும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர் வரலாற்றை எழுதி வைக்க எங்கே தொடங்குவது?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: கல்லில் தொடங்குங்கள். ஆணியால் சுரண்டாதீர்கள், ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக் காரை பொங்கிக் கரைந்து, இருக்கிற எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீர் தெளித்துப் பாசி ஊறியதும், பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்குள் போங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் காட்டி நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் கிடைக்கும்.

பலர் சறுக்குவது தமிழ் எண்களில்தான். ௧ என்பது ‘க’ போலவும், ௭ என்பது ‘எ’ போலவும், ௮ என்பது ‘அ’ போலவும் இருக்கும். ‘௧௭’ என்ற பதினேழைப் பெயரின் தலைப்பெழுத்து என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த மூன்று குறிகளையும் முதலில் தேடுங்கள். எண் அவற்றின் பக்கத்தில்தான் இருக்கும்.

நந்தன வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1892-93 ஒன்று, 1952-53 இன்னொன்று. உங்கள் பாட்டியையோ அம்மாவையோ அவர் மடியில் தூக்கி வைத்திருந்தார் என்றால் பிந்தியதுதான். அப்படியானால் 1952 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. அந்த நவம்பர் 30-ஆம் தேதிதான் நாகப்பட்டினம் பக்கம் பெரும்புயல் கரையேறியது. ஊர்ப் பெரியவர்களிடம் தேதி கேட்காதீர்கள். ‘புயலுக்கு முன்னாலா, பின்னாலா?’ என்று கேளுங்கள். குருபூசையைத் திதி பார்த்துச் செய்கிறீர்களா, நட்சத்திரம் பார்த்தா என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் நாளே கிடைத்துவிடும்.

அந்தக் காலத்தில் சாவைப் பதிந்தவர் கிராம முன்சீப். பழைய பதிவேட்டில் தேடக் கேட்கும்போது தென்னாற்காடு ஜில்லா என்றும், அன்றைய தாலுகா, கிராமப் பெயரையும் எழுதுங்கள். கடலூர் மாவட்டம் என்று பிரிந்தது 1993-இல்தான். பதிவேட்டில் உள்ள வயதை நம்ப வேண்டாம். வந்து சொன்னவர் உத்தேசமாக ‘அறுபது’, ‘எழுபது’ என்று சொன்னதையே எழுதிக்கொண்டார்கள். பெயர் இல்லாமல் ‘இன்னார் மனைவி’ என்றும் இருக்கலாம். ஆகவே கணவர் பெயரிலும் தேடுங்கள். அவர் பாகூர்ப் பக்கத்துப் பெண் என்றால் பிறப்பைப் புதுச்சேரியில் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சிப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர், பிறந்த நேரம், வந்து சொன்னவர் பெயர் வரை இருக்கும். நம் பக்கத்துப் பதிவேடுகளைவிட அவை எவ்வளவோ நிறைவானவை.

அவர் உழைப்புக்குச் சாட்சி நிலத்தின் காகிதங்கள். தரிசைத் திருத்தியவர்கள் தாசில்தாருக்குத் தர்க்காஸ்து மனு, அதாவது அரசு நிலத்தைத் தங்களுக்கு ஒதுக்கக் கேட்கும் மனுப் போட்டுத்தான் பட்டா வாங்கினார்கள். வீட்டுத் தகரப் பெட்டியில் ‘தர்க்காஸ்து’ என்ற சொல் உள்ள தாள் இருந்தால், அந்த நிலம் பரம்பரையாக வந்ததல்ல, அவர் கேட்டு வாங்கியது என்று பொருள். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் பயிரிட்டதற்குத் தண்டம் விதித்த, அதற்கு முந்தைய ‘பி மெமோ’ ரசீது இருந்தால் இன்னும் நல்லது. பட்டா வருமுன்பே அவர் புறம்போக்கில் இறங்கிப் பாடுபட்டதை அது காட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என இரண்டு உண்டு. பெயர் கிடைக்காவிட்டால் சர்வே எண்ணைக் கொடுத்துச் சொத்து அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தில் ‘காணி’ என்று வந்தால் ஒரு காணிக்கு 1.32 ஏக்கர் கணக்கு.

கேள்வி: அவரைத் தகனம் செய்யாமல் புதைத்தது ஏன்? கணவர் போன பிறகும் தாலியைக் கழற்றவில்லை என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: இரண்டும் வள்ளலார் சொன்னவை. இறந்தவரைச் சுடாமல் சமாதியில் வைக்க வேண்டும், கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம், கருமாதி, திதி முதலிய சடங்குகள் வேண்டாம், அன்னம் இட்டால் போதும் என்று 1871-லேயே அவர் அறிவித்தார். தருமசாலையில் 1867 மே 23-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டி சுமந்த அரிசி அந்த அடுப்பில்தான் வெந்தது. ஊர் முழுக்கத் தாலி அறுக்கச் சொன்ன காலத்தில் ஒரு கிராமத்துப் பெண் கழுத்தில் தாலியோடு கொல்லையில் நின்று வேலை வாங்கினார் என்றால், அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! புத்தகத்தில் இதற்கே தனி அத்தியாயம் கொடுங்கள். கழற்றாத அந்தத் தாலி சமாதிக்குள் போனதா, யாரிடமாவது இருக்கிறதா என்று வீட்டின் மூத்த பெண்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.