போடியில் எட்டு வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறேன், இந்த வேலையில் என்ன இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு

இப்போதே வேலையை விட வேண்டாம். உங்கள் வேலையின் பலன் உங்கள் கண்ணில் படாததுதான் இந்தச் சலிப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் 1 கிலோ தேறும். 8 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய காயோடு வெடித்த காய் கலந்தால் விலை இறங்கிவிடும். போடிமெட்டு மலை ஏறி ஜீப்பில் போய், அட்டைக்கடி பட்டு யாரோ பறித்த காய்க்கு நல்ல விலை கிடைப்பதில் உங்கள் விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் அம்மாவும் இதே வேலை பார்த்தவர், அதனால் சொல்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் பிரித்த மூட்டை ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று கணக்குப்பிள்ளையிடம் இரண்டு வாரம் கேளுங்கள். 2001-இல் ரெஸ்னெவ்ஸ்கி, டட்டன் என்ற ஆய்வாளர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். நோயாளி குணமாவதில் தனக்கும் பங்குண்டு என்று பார்த்தவருக்கு அதே வேலை வேறு மாதிரி தெரிந்தது.

ஆனால் தூக்கம் கெட்டு, வீட்டில் யார் முகமும் பிடிக்காமல் போயிருந்தால் இது போதாது, டாக்டரைப் பாருங்கள். அப்புறம், கூலி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.