தட்டு அப்புறம், தலைக்கணக்கு முதலில்

கேள்வி: எங்கள் நிறுவனம் நடத்தும் ஒருநாள் கருத்தரங்குக்குச் சுமார் 300 பேர் வருகிறார்கள். மதிய உணவும் இரண்டு வேளை தேநீரும் உண்டு. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நடத்த விரும்புகிறோம். மக்கும் தட்டு, மக்கும் கப் என்று பலவகை விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒரு விருந்தால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாரத்தில் பெரும்பங்கு தட்டில் இல்லை, அதில் பரிமாறும் உணவில்தான் இருக்கிறது. நிலம், நீர், உரம், எரிபொருள் எல்லாம் செலவழித்து விளைவித்ததைச் சமைத்துக் கொட்டினால் அத்தனையும் வீண். குப்பைக் கிடங்கில் காற்றில்லாமல் அழுகும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வேறு கிளம்பும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 29 கோடி டன் உணவகம், கேட்டரிங் போன்ற உணவுச் சேவைகளில் வீணானது.

அதனால் உங்கள் முதல் வேலை தலைக்கணக்கு. பதிவு செய்தவர்கள் எல்லோரும் வருவதில்லை; வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிடுவதும் இல்லை. பதிவுப் படிவத்திலேயே "மதிய உணவுக்கு இருப்பீர்களா?" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு நாள் முன்பு இன்னொரு முறை உறுதி செய்யுங்கள். எண்ணிக்கையை எதுவரை மாற்றலாம் என்பதைக் கேட்டரிங் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பற்றாக்குறை வந்துவிடுமோ என்று பயந்து நீங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வீர்கள். கெட்ட பெயர் வருமே என்று கேட்டரிங்காரர் அதன்மேல் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். மிச்சம் மலையாகச் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, உபரி எவ்வளவு என்பதை இருவரும் உட்கார்ந்து ஒரே தடவை முடிவு செய்யுங்கள். அந்த உபரியையும் சமைக்காமல் தயார்நிலையில் வைத்திருக்கலாம். ஆள் வந்தால் சமைத்தால் போதும். கடைசி அரைமணியில் சில வகைகள் தீர்ந்தால் குறை சொல்ல மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவருடைய பயம் போனால்தான் அளவு குறையும்.

பஃபே என்றால் சிறிய பாத்திரங்களில் வைத்து அடிக்கடி நிரப்பச் சொல்லுங்கள். சாப்பாட்டுத் தட்டும் சிறியதாக இருக்கட்டும். நார்வே ஹோட்டல்களில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தட்டின் அளவைக் குறைத்ததாலேயே உணவு வீணாவது ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. வேண்டியவர்கள் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

மெனுவைப் பொறுத்தவரை, மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும்தான் பெரிய சுமை. ஒரு கிலோ மாட்டிறைச்சியால் வரும் பசுங்குடில் வாயு (மீத்தேன் போலப் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்), ஒரு கிலோ பருப்பால் வருவதைப் போலப் பல மடங்கு. எல்லோருக்கும் சைவம், இறைச்சி வேண்டுவோர் படிவத்தில் குறிப்பிடலாம் என்று வைத்துப்பாருங்கள். பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பது, விமானத்தில் வருவதைத் தவிர, நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

மிஞ்சியதைக் கொடுக்க நினைத்தால், வாங்கிக்கொள்ளும் அமைப்பிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பரிமாறும் மேஜைக்கு வராத உணவை மட்டும் கொடுங்கள். அதுவும் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருந்ததாக இருக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

குடிநீருக்குப் பாட்டில் வேண்டாம். பெரிய கேனும் கண்ணாடி டம்ளரும் போதும். பால், சர்க்கரையைச் சின்னப் பாக்கெட்டில் தராமல் பொதுவாக வைத்துவிடலாம்.

சரி, தட்டுக்கு வருவோம். கழுவிப் பயன்படுத்தும் தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். கிடைக்காவிட்டால், மக்கும் பொருளை வாங்கும் முன் குப்பை எடுப்பவரிடம் "இது எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மக்கும் கப், தட்டு பலவற்றில் இருக்கும் பிஎல்ஏ என்னும் தாவர பிளாஸ்டிக் சரியாக மக்க, 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் உள்ள தொழில்முறை உரக்கூடம் வேண்டும். சாதாரணக் குப்பைக் கிடங்கில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மறுசுழற்சி பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும். காகிதக் கப்பிலும் பெரும்பாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. உரக்கூடத்துக்குப் போகும் வழி இல்லையென்றால் அதிக விலை கொடுத்து இவற்றை வாங்க வேண்டாம்.

அப்புறம், சமையலறைக் கழிவு, பஃபேயில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது ஆகிய மூன்றையும் தனித்தனித் தொட்டியில் போடச் சொல்லி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பஃபேயில் அதிகம் மிஞ்சினால் சமைத்த அளவு தவறு. தட்டில் என்றால் பரிமாறும் அளவோ ருசியோ சரியில்லை. அடுத்த கருத்தரங்குக்குக் கேட்டரிங்காரரிடம் பேசும்போது அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.