பழைய லேப்டாப்பை மாற்றிவிடாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் போய் பி.சி.ஏ. படிக்கிறேன். ஓப்பன் சோர்ஸில் ஏதாவது செய்ய ஆசை, ஆனால் கோடு எழுத இன்னும் சரியாக வராது. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் (சாஃப்ட்வேர் எங்கே இழுக்கிறது என்று சோதிப்பது) செய்யலாம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது அண்ணன் கொடுத்த 4 ஜிபி லேப்டாப்பும் மொபைல் ஹாட்ஸ்பாட்டும்தான். முடியுமா?

பதில்: தம்பி, அந்த லேப்டாப்தான் உங்கள் மூலதனம். வேகமான மெஷினில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவருக்குக் கண்ணில் படாத இழுவை, உங்கள் 4 ஜிபியில் அப்பட்டமாகத் தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் பிரவுசரில் ஆரம்பியுங்கள். நைட்லி என்ற அதன் தினசரி சோதனைப் பதிப்பை இறக்கி, ஆட்-ஆன் எதுவும் போடாமல், நீளமான ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, முழுசாக லோடாக விட்டு (ஹாட்ஸ்பாட் தாமதத்தை பிரவுசர் தலையில் கட்டக்கூடாது, அதனால்தான்) அப்புறம் ஸ்க்ரோல் செய்யுங்கள். சிக்குகிறதா? ப்ரொஃபைலர்.ஃபயர்ஃபாக்ஸ்.காம் போய் அதன் பட்டனைச் சேர்த்துக்கொண்டு, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-1 அழுத்தி மறுபடி ஸ்க்ரோல் செய்து, சிக்கியதும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-2 அழுத்தினால், அந்த நேரத்தில் பிரவுசர் எந்த வேலையில் மாட்டிக்கொண்டு நின்றது என்பது படமாக வந்துவிடும். படம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அதை அப்லோடு செய்தால் கிடைக்கும் லிங்க் புரிந்தவர் கைக்குப் போனால் போதும். அப்லோடுக்கு முன் நீங்கள் பார்த்த தளங்களின் முகவரிகளை நீக்க வழி இருக்கிறது, மறக்காதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் பழுதுகளைப் பதிவுசெய்யும் தளமான பக்ஸில்லாவில் 'ஸ்லோவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'சார்ஜர் போட்டு 5 தடவை பார்த்தேன், 4 தடவை ஏறக்குறைய 2 நொடி உறைந்தது, பக்கம் இது, நைட்லி தேதி இது' என்று எழுதி, அபௌட்:சப்போர்ட் என்று முகவரிப் பட்டியில் அடித்தால் வரும் பக்கத்தின் விவரத்தையும் இணைத்துப் பாருங்கள், உங்களை நேரில் தெரியாதவர்கூட நம்பி வேலையை ஆரம்பிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் நன்றாக ஓடியதா? அப்படியென்றால் மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவியை ஓட்டுங்கள். நன்றாக ஓடிய ஒரு தேதியையும் கெட்டுப்போன ஒரு தேதியையும் கொடுத்தால், அவற்றின் நடுத் தேதியின் பதிப்பைத் திறந்து காட்டும், நீங்கள் நல்லது, கெட்டது என்று மட்டும் சொன்னால் போதும். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவதால் 90 நாள் பதிப்புகளில் பழுது நுழைந்த நாளை 7 சுற்றில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிரவுசரையே இறக்கும் என்பதால் டேட்டா தின்னும், கல்லூரி வைஃபையில் செய்துகொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் கோடு தெரியாதவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். எந்த மாற்றத்தால் கெட்டது என்பது கையில் கிடைத்துவிட்டால், திருத்துகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு யாராவது கேள்வி கேட்டால் சீக்கிரம் பதில் போடுங்கள். திருத்தம் நைட்லியில் வந்ததும் அதே லேப்டாப்பில், அதே பக்கத்தில், அதே 5 தடவை.