கேரவன் சிலிண்டர் வேண்டாம் என்றால் எங்கே கொடுப்பது?

கேள்வி: கேரவனை விற்றுவிட்டோம். வாங்கியவர் சிலிண்டர்கள் வேண்டாம் என்றார். கேஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த புரொப்பேன் ஒன்று, பியூட்டேன் ஒன்று, நாங்களே விலைக்கு வாங்கி பங்க்கில் நிரப்பிவந்த ஒன்று, அடுப்பில் துளையிட்டு மாட்டும் சின்ன கேஸ் கார்ட்ரிட்ஜ்கள் சில மிச்சம். ரசீது எதுவும் இல்லை. எல்லாம் காலிதான். பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அடுப்பு எரியவில்லை என்பதால் சிலிண்டர் காலி என்று ஆகாது.

பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதைவிடக் குளிர்ந்த நாளில் உள்ளே திரவம் தளும்பினாலும் வாயுவாக மாறி வெளியே வராது. வெயில் ஏறியதும் அதே சிலிண்டரில் அழுத்தம் திரும்பிவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பதால் குளிரிலும் வேலை செய்யும். ஆனால் அதிலும் கடைசியில் சிலிண்டர் நிறைய வாயு தங்கும். வால்வைத் திறந்தே விட்டால் இன்னொரு சிக்கல்: இரவுக் குளிரில் உள்ளிருக்கும் வாயு சுருங்க, வெளிக்காற்று உள்ளே இழுபடும். தீப்பிடிக்கும் கலவை சிலிண்டருக்குள்ளேயே உருவாகலாம். அதனால் காலி சிலிண்டராக இருந்தாலும் வால்வு இறுக மூடியிருக்க வேண்டும்.

எவ்வளவு மிச்சம் என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நிறுத்துப் பாருங்கள். சிலிண்டரின் கழுத்து வளையத்திலோ அங்கே மாட்டிய தகட்டிலோ வெற்றுச் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். அது 7.2 கிலோ, தராசு காட்டுவது 7.9 கிலோ என்றால், உள்ளே 700 கிராம் இருக்கிறது. புரொப்பேனாக இருந்தால் வெளியே வந்ததும் அது சுமார் 370 லிட்டர் வாயு. காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் என்பதால், 17 கன மீட்டர் கொண்ட ஒரு சிறிய அறை முழுவதையும் ஆபத்தாக்க இதுவே போதும். இப்படிப்பட்ட ஒன்று இரும்புக் கடையின் அமுக்கும் இயந்திரத்திலோ கேஸ் கட்டர் முன்னாலோ போய் நின்றால், உயிரைப் பணயம் வைப்பவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளி.

வீட்டிலேயே திறந்துவிட்டுக் காலியாக்கவும் வேண்டாம். புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். துளைபோடுவது, வால்வைப் பிடுங்குவது, அறுத்து அடுப்பு செய்வது எதுவும் கூடாது. அடியில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, அறுக்கும் சூட்டில் ஆவியாகித் தீப்பிடிக்கும்.

அடுத்தது, சிலிண்டர் யாருடையது என்ற கேள்வி. நிறுவனப் பெயர் பொறித்தவை பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் கட்டியது முன்பணம் அல்லது வாடகை மட்டுமே. ஆகவே அவற்றை விற்கவும் உடைக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை. அந்த நிறுவனத்தின் விநியோகஸ்தரிடம் ஒப்படையுங்கள். ரசீது இல்லாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைப்பது கடினம். சிலிண்டரை மட்டும் வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பாதி கேஸ் இருந்தாலும் அப்படியே கொடுக்கலாம், ஆனால் அந்தக் கேஸுக்குப் பணம் எதிர்பார்க்க வேண்டாம். நிறத்தை வைத்து நிறுவனத்தை ஊகிக்காதீர்கள், நாட்டுக்கு நாடு நிறம் மாறும். பொறித்த பெயரைப் படியுங்கள்.

பங்க்கில் நிரப்பிய சிலிண்டர் உங்களுடையது, எனவே பொறுப்பும் உங்களுடையது. அதைப் பொருத்தித் தந்தவரையோ, எல்பிஜி வேலைக்கு உரிமம் பெற்றவரையோ அணுகுங்கள். அவர்கள் மிச்சக் கேஸை உறிஞ்சி எடுத்து, நைட்ரஜன் செலுத்திக் கழுவி, வால்வைக் கழற்றிய பிறகே அது வெறும் இரும்பு. கண்ணாடி இழைச் சிலிண்டர் என்றால் அப்போதும் இரும்புக் கடைக்கு உதவாது, தயாரித்தவரிடம்தான் போக வேண்டும்.

துளையிட்டு மாட்டும் கார்ட்ரிட்ஜில் வால்வே கிடையாது. அடுப்பில் மாட்டியிருப்பதை வெட்டவெளியில் முழுக்க எரித்துத் தீர்த்த பிறகே கழற்றுங்கள். மாட்டாதவற்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். தளும்பும் சத்தம் கேட்டால் திரவம் இருக்கிறது. காலியோ இல்லையோ, வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், உள்ளாட்சி அமைப்பின் ஆபத்தான கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டி அவற்றை அமுக்கும்போது வெடிக்கலாம்.

வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தால் ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள். வால்வைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிப் பார்க்கும்போது குமிழி வந்தால், அந்தச் சிலிண்டரைக் காரில் ஏற்றவே கூடாது. சாக்கடைக்கு எட்டத்தில், திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து, நிறுவனத்தின் அவசர எண்ணையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

நல்ல நிலையில் உள்ளவற்றைக் கொண்டுபோகும்போது நிமிர்த்தியே வைத்துக் கட்டுங்கள். படுக்கவைத்தால் பாதுகாப்பு வால்வின் வாய்க்குத் திரவம் வந்துவிடும். கசிந்தால் 1 லிட்டர் புரொப்பேன் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாகும். மூடியை மாட்டி, ஜன்னல்களைத் திறந்து, நேராகக் கொண்டுபோங்கள். வழியில் வெயிலில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றும்போது பல வகைகளில் மரை தலைகீழாக, கடிகார முள் திசையில் கழலும். பழைய ரப்பர் ஹோஸை இரண்டாக வெட்டிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.