கனடியப் பூர்வகுடி எழுத்தாளர்கள்: கேள்வி பதில்

கேள்வி: கனடியப் பூர்வகுடி இலக்கியத்தை வாசிக்கத் தொடங்க ஒரே ஒரு நூலைச் சொல்வீர்களா?

பதில்: மரியா காம்பெல் எழுதி 1973இல் வெளிவந்த ‘ஹாஃப்பிரீட்’. சஸ்காச்சுவானில் சொந்த நிலம் இழந்து, சாலையோர அரசு நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த, பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேத்தி மக்களிடையே பிறந்த பெண்ணின் தன்வரலாறு அது. வாங்கும்போது 2019ஆம் ஆண்டின் முழுப் பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். பதினான்கு வயதில் காவல் படையினர் ஒருவரால் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைக் காம்பெல் கைப்பிரதியில் எழுதியிருந்தார். பதிப்பகமோ அவர் விருப்பத்தை மீறி அப்பகுதியை நீக்கிவிட்டே நூலை அச்சிட்டது. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த கைப்பிரதியில் ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்த செய்தி 2018இல்தான் வெளியானது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக வாசகர்களும் மாணவர்களும் வெட்டுப்பட்ட நூலையே முழு நூல் என நம்பி வாசித்திருக்கிறார்கள். கனடிய இலக்கியத்தில் பூர்வகுடிகளுக்கு என்ன இடம் என்று கேட்கும் ஒவ்வொருவரும், அவர்களுடைய பக்கங்களில் எதை நீக்குவது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: செவ்விந்திய எழுத்தாளர்களின் பொதுவான பாணி என்ன?

பதில்: முதலில் ‘செவ்விந்திய’ என்ற அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். முதற்குடிகள், மேத்தி, வடதுருவப் பகுதியின் இனுயிட் என மூன்று பெரும் பிரிவினர் இருக்கிறார்கள். முதற்குடிகளில் மட்டும் 600க்கும் மேற்பட்ட சமூகங்கள் உண்டு. கிரீ மொழியின் சிரிப்பையும் தாளத்தையும் மேடைக்குக் கொண்டுவந்த டாம்சன் ஹைவேக்கும், ஹைஸ்லா கடற்கரையை நாவலாக்கிய ஈடன் ராபின்சனுக்கும் ஒரே பாணி எப்படி அமையும்? எழுத்தாளரின் பெயரோடு அவருடைய குடியின் பெயரையும் கேட்டறியுங்கள்.

கேள்வி: இவர்கள் எழுத வந்ததே அண்மையில்தானே?

பதில்: இல்லை. மோஹாக் கவிஞர் பாலின் ஜான்சன் 1913இலேயே காலமானார். ஆனாலும் 1972இல் கனடிய இலக்கியத்துக்கு வழிகாட்டி நூல் எழுதிய மார்கரெட் அட்வுட் அவரை விட்டுவிட்டார். பின்னாளில் அந்த விடுபடலைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: பூர்வகுடி அல்லாதவர்கள் அவர்களுடைய கதைகளை எழுதவே கூடாதா? கற்பனைக்கு வேலி போடலாமா?

பதில்: 1990இல் அனிஷினாபே எழுத்தாளர் லெனோர் கீஷிக் டோபயஸ், எங்கள் கதைகளைத் திருடாதீர்கள் என்று நாளிதழில் எழுதிய காலத்திலிருந்தே இந்த வேலி வாதம் எழுந்துகொண்டிருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளில், பிள்ளைகள் தம் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். வடமேற்குக் கரையில் கதையும் பாட்டும் வழங்கிய பொட்லாச் விருந்து 1884ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டு, 1951 வரை தடையிலேயே இருந்தது. உரியவர்கள் வாய் திறக்க முடியாதிருந்த காலத்தில், அதே கதைகளைப் பிறர் தொகுத்து விற்றார்கள்.

கேள்வி (அதே நண்பர்): அது வரலாறு. நான் கேட்பது இன்றைய எழுத்தாளனின் சுதந்திரத்தை.

பதில்: இன்றைய எழுத்தாளரையே சான்றாகத் தருகிறேன். 2000இல் வெளிவந்த ‘மங்கி பீச்’ நாவலை எழுதும்போது, தம் சொந்த ஹைஸ்லா சமூகத்தின் குலக்கதைகளைச் சேர்க்கலாமா என ஈடன் ராபின்சன் பெரியவர்களிடம் கேட்டார். குலக்கதை குடும்பத்தின் உடைமை. அதை வெளியிட உரியவர்களின் அனுமதி வேண்டும், விருந்தும் வைக்க வேண்டும் என்றார்கள். அவர் அதை ஏற்று, எல்லோருக்கும் பொதுவான கதைகளைக் கொண்டே எழுதினார். நாவல் அதனால் குறைந்துபோகவில்லை. உள்ளே பிறந்தவரே கேட்டு நடக்கும் நெறியை வெளியிலிருந்து வருபவர் தடை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

கேள்வி: வதிவிடப் பாடசாலை பற்றிய நாவல்கள்?

பதில்: ரிச்சர்ட் வாகமீஸின் ‘இந்தியன் ஹார்ஸ்’, மிஷெல் குட்டின் ‘ஃபைவ் லிட்டில் இந்தியன்ஸ்’.

கேள்வி: சிறந்த செவ்விந்தியக் கவிஞர் யார்?

பதில்: அந்தச் சொல்லைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து அதை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். வடக்குக் கியூபெக்கின் நுனாவிக் பகுதியைச் சேர்ந்த இனுயிட் பெண் மிடியர்ஜுக் நப்பாலுக்கிடம் 1950களின் தொடக்கத்தில் பாதிரியார்கள், தாங்கள் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழி கற்பதற்காக அன்றாடச் சொற்களை வாக்கியங்களாக எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர் எழுதத் தொடங்கினார். வாக்கியங்களுக்குள் சனாக் என்ற இளம் விதவை வந்தாள், அவள் மகள் வந்தாள், வேட்டையும் பனிவீடும் சண்டையும் வந்தன. நாவல் என்ற வடிவத்தை அதற்குமுன் கண்டிராத ஒருவர், தம் மொழியிலேயே, அசையெழுத்தில் ஒரு நாவலை எழுதி முடித்தார். அது 1984இல் இனுக்டிடுட்டில் அச்சேறியது. ஆங்கிலத்துக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.