துப்பாக்கி சுடுதல்: சுடுகிறவர்கள் லட்சக்கணக்கில், பார்க்கிறவர்கள் எங்கே? (கேள்வி பதில்)

பதினெட்டு வருடம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டேன். மாநில அளவைத் தாண்டவில்லை. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இந்த விளையாட்டை எந்த ஊரில் யார் ரசிக்கிறார்கள், பேப்பரும் டிவியும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது இன்னொரு நாள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: சார், ஒலிம்பிக்ஸ் வந்தா முதல் பக்கத்துல போடறாங்க. மத்த நாள்ல ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

முதல் காரணம் எளிது: கண்ணுக்கு எதுவும் தெரியாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். அதைத் தேடிப் போகிற பெல்லட்டோ நாலரை மில்லிமீட்டர். கேமராமேன் எதைக் காட்டுவார்? ஒருத்தர் சிலை மாதிரி நிற்கிறார், ‘டப்’ என்று ஒரு சத்தம், திரையில் 10.4 என்று வருகிறது. தகுதிச் சுற்றில் இப்படி அறுபது தடவை, ஒன்றே கால் மணி நேரம். காகித டார்கெட் காலம் இன்னும் மோசம். அட்டையை எடுத்துப்போய் எண்ணி முடிக்கிற வரை சுட்டவருக்கே தன் கணக்கு சரியாகத் தெரியாது.

இதைச் சரிசெய்யத்தான் சர்வதேசக் கூட்டமைப்பு 2013-ல் விதியை மாற்றியது. ஃபைனலுக்கு வந்த எட்டுப் பேரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் எட்டு ஷாட்டுக்குப் பிறகு (பின்னாளில் அது பன்னிரண்டானது), இரண்டு ஷாட்டுக்கு ஒருமுறை கடைசியில் இருப்பவர் வெளியே. டிவிக்கு நல்ல தீனி. ஆனால் காலையில் அறுபது ஷாட் உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஃபைனல் வாசலில் கரைந்துபோகிறது. அன்றைக்கு இதை எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். இன்று பாதி சமாதானம் ஆகிவிட்டேன். மீதிப் பாதி இன்னும் எரிகிறது.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: உலகத்துல எந்த நாட்டுல இதுக்கு நிஜமாவே மவுசு அதிகம்? அமெரிக்காவா?

அமெரிக்காவில் சுடுகிறவர்கள் ஏராளம்தான். ஆனால் ஊரே சேர்ந்து கொண்டாடுவதைப் பார்க்க ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போக வேண்டும்.

ஜெர்மன் துப்பாக்கி சுடுவோர் சங்கம் 1861-ல் கோத்தா நகரில் தொடங்கியது. இன்று அதில் 13 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். சின்னக் கிராமத்தில்கூட ஒரு கிளப், வருடத்துக்கு ஒரு திருவிழா, போட்டியில் ஜெயித்தவருக்கு ‘ராஜா’ பட்டம், ஊர்வலம், பேண்டு வாத்தியம், கூடவே நிறைய பீர். நம் ஊர்த் தேர்த்திருவிழாவையும் ஜல்லிக்கட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் வருமே, அந்த மாதிரி.

சுவிஸில் வருடாவருடம் நடக்கும் ‘ஃபெல்ட்ஷீஸன்’ போட்டியில் லட்சம் பேருக்கு மேல் சுடுகிறார்கள். ஜூரிக்கில் செப்டம்பரில் ‘க்னாபென்ஷீஸன்’ என்று ஒன்று. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 300 மீட்டர் தூரத்தில் சுடுவார்கள். பெயரில் ‘பையன்கள்’ என்று இருந்தாலும் 1991-லிருந்து பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அங்கே இது விளையாட்டுப் பக்கத்துச் செய்தி இல்லை, உள்ளூர்ச் செய்தி. யார் வீட்டுப் பிள்ளை ஜெயித்தது என்பதுதான் பேச்சு. பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டம் கிடையாது, சுட்டு முடித்தவர்தான் பார்வையாளர்.

முனிச்சிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் இங்க வேலை பாக்குறேன். குளிர்காலத்துல டிவியைப் போட்டா பயத்லான்தான் ஓடுது. அதுவும் துப்பாக்கிதானே, அதுக்கு மட்டும் எப்படிக் கூட்டம்?

தம்பி, என் மனசில் ரொம்ப நாளாக இருக்கிற விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். பயத்லான் என்றால் பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த போட்டி. எங்கள் 50 மீட்டர் போட்டி மாதிரியே .22 ரைஃபிள், அதே தூரம். ஆனால் அதில் மூன்று விஷயங்கள் கூடுதல்.

ஒன்று, சுடுகிறவர் பனியில் சறுக்கி, மூச்சிரைக்க வந்து நிற்கிறார். நெஞ்சு அடித்துக்கொள்வது கேமராவுக்கே தெரிகிறது. இரண்டு, ஐந்து கறுப்பு வட்டங்கள். பட்டால் சட்டென்று வெள்ளையாகிவிடும். கடைசி வரிசையில் நிற்கிற குழந்தைக்கும் புரியும். படுத்துச் சுடும்போது வட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. மூன்றாவதுதான் முக்கியம்: தவறவிட்டால் தண்டனை அங்கேயே கிடைக்கிறது. பெரும்பாலான போட்டிகளில் ஒரு தவறுக்கு 150 மீட்டர் வளையத்தை ஒருமுறை சுற்ற வேண்டும். முன்னால் போனவர் அந்த வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்தவர் தாண்டிப் போகிறார். ஜெர்மன் டிவி சேனல்களான ஏஆர்டியும் இசட்டிடிஎஃப்பும் நேரலையாகக் காட்டுவது துப்பாக்கியை அல்ல, இந்தத் தவிப்பைத்தான். பயத்லான் நடக்கிற ருப்போல்டிங் உங்களுக்குப் பக்கம்தானே, ஜனவரியில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு வட்டம் வெள்ளையாகும்போதும் கூட்டம் போடுகிற சத்தம் டிவியில் பாதிகூட வராது.

எங்கள் 10 மீட்டர் அரங்கிலும் அதே இதயம்தான் துடிக்கிறது. வெளியே தெரியாமல் அடக்குவதுதான் எங்கள் வித்தை, அதனால்தான் எங்களைக் காட்ட முடிவதில்லை.

புதுச்சேரியிலிருந்து ஒரு ஆசிரியை: எப்பவாவது இது உலகச் செய்தியா இருந்திருக்கா?

இருந்திருக்கிறது மேடம், 1874-ல். விம்பிள்டனில் (டென்னிஸ் இல்லை, துப்பாக்கி சுடும் போட்டியில்) அதற்கு முந்தைய வருடம் ஜெயித்த அயர்லாந்து அணி அமெரிக்கர்களுக்குச் சவால் விட்டது. நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூரில் போட்டி, அணிக்கு ஆறு பேர், 800, 900, 1000 கெஜ தூரம். ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அமெரிக்க அணியில் கடைசியாகச் சுட வேண்டிய ஜான் போடைன் கையை ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டில் உடைந்து கிழித்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், நடுவில் அடித்தார். 934-க்கு 931, அமெரிக்கா வெற்றி.

வித்தியாசம் மூன்று புள்ளி. அதே போட்டியில் ஓர் அயர்லாந்து வீரர் நடுப்புள்ளியில் அடித்தார், ஆனால் பக்கத்துக்காரர் இலக்கில்! நான்கு புள்ளி பூஜ்யமானது.

130 வருடம் கழித்து 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் அதையே செய்தார். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி, கடைசி ஒரு ஷாட், தங்கம் கைக்கெட்டும் தூரம். பக்கத்து இலக்கில் சுட்டு எட்டாமிடத்துக்குப் போனார். அந்த வாரம் உலகம் முழுக்க எழுதினார்கள். நன்றாகச் சுட்டிருந்தால் எழுதியிருப்பார்களா, தெரியவில்லை.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: பாரிஸ்ல பாக்கெட்ல கை விட்டுட்டு சுட்டாரே, அந்த அங்கிள்! அவரும் அந்தக் கொரியா அக்காவும் செம. ஏன் அவங்க மட்டும் வைரல்?

துருக்கியின் யூசுப் டிகெச், அப்போது வயது 51. கை பாக்கெட்டில் இருந்தது ஸ்டைலுக்காக இல்லம்மா. பிஸ்டலை ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மற்ற கை ஆடாமல் இருக்க எல்லோருமே அதை எங்காவது செருகுவோம். சாதாரணக் கண்ணாடியோடு, கண்மறைப்பு இல்லாமல் நின்றதுதான் வித்தியாசம். ரேஞ்சுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது புதுசு.

நீ சொன்ன கொரியா அக்கா கிம் யே-ஜியின் வீடியோ பாரிஸில் எடுத்ததே இல்லை. அந்த வருடம் மே மாதம் பாகு உலகக் கோப்பையில், 25 மீட்டரில் உலக சாதனை போட்டபோது எடுத்தது. பாரிஸில் 10 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 25 மீட்டரில் ஒரு ஷாட்டுக்கு நேரம் தாண்டிப் பூஜ்யம் வாங்கி ஃபைனலுக்கே வரவில்லை.

இப்போது ஒரு கேள்வி. டிகெச் வெள்ளி வாங்கிய அந்தக் கலப்பு அணிப் போட்டியில் தங்கம் யாருக்கு? செர்பியாவின் ஜொரானா அருனோவிச், தாமிர் மிகெச். எத்தனை பேருக்குத் தெரியும்? வெண்கலம் வாங்கியது நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும். அதே மேடை!

சென்னையிலிருந்து ஒருவர்: துப்பாக்கின்னாலே வன்முறை. மீடியா ஒதுக்குறதுல தப்பு இருக்கா?

தயக்கம் நியாயம்தான். 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் ஒருவன் குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற பிறகு பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போனார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் போய் என் விளையாட்டின் நியாயத்தைப் பேச எனக்கு வாய் வராது.

ஓசூரிலிருந்து ஒருவர்: நம்ம நாட்டு மீடியா எப்படி?

பதக்கம் எண்ணும். 2004-ல் ராத்தோர் வெள்ளி, 2008-ல் பிந்த்ரா தங்கம், 2012-ல் விஜய் குமார், ககன் நாரங், அப்போதெல்லாம் கொண்டாட்டம். டோக்கியோவுக்குப் பதினைந்து பேர் போய் வெறுங்கையோடு வந்ததும் திட்டு. பாரிஸில் மனுவின் இரண்டு வெண்கலமும் ஸ்வப்னில் குசாலேயின் ஒன்றும் வந்ததும் மறுபடி மாலை. நான்காமிடம் வந்த அர்ஜுன் பபுதாவைப் பற்றி ஒரு நாள் எழுதினார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கியவர். அவர் பெயரை என் மாணவர்களின் பெற்றோர் பலரே என்னிடம்தான் முதலில் கேட்டார்கள்.

காமன்வெல்த் போட்டியில் இன்னொரு அடி. 2010 டெல்லியில் துப்பாக்கி சுடுதல் மட்டும் 14 தங்கம் தந்தது. 2022 பர்மிங்காமில் அந்த விளையாட்டையே சேர்க்கவில்லை, 2026 கிளாஸ்கோ பட்டியலிலும் இடமில்லை. செய்தியில் வர இருந்த ஒரு வாய்ப்பும் போச்சு.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: என் பொண்ணுக்குப் பத்து வயசு. எதைப் பார்க்கச் சொல்லி ஆரம்பிக்கட்டும்?

ஏர் ரைஃபிளில் ஆரம்பிக்காதீர்கள், தூங்கிவிடுவாள். ட்ராப் போடுங்கள், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுடுகிற பிரிவு. பறக்கிற மண்தட்டு நடுவானில் பொடியாவதைப் பார்க்க விளக்கம் தேவையில்லை. பிறகு 25 மீட்டர் ரேபிட் ஃபயர் ஃபைனல்: நான்கு வினாடியில் ஐந்து இலக்கு. இரண்டும் பிடித்துப்போனால் அப்புறம் 10 மீட்டருக்கு வரலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் யூடியூப் சேனலில் ஃபைனல்கள் கிடைக்கும். அப்போது ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: எண்ணைப் பார்க்காதே, ஷாட் போன பிறகும் அவர் துப்பாக்கியை எத்தனை நொடி இறக்காமல் வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே இரு.